விலை குறைந்த லினக்ஸ் சிப்பை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?

ஆல்வின்னர் நிறுவனத்தின் வி3எஸ், எஃப்1சி100எஸ் மாதிரி, லினக்ஸ் இயங்குதளம் ஓடக்கூடிய மலிவான சிப் ஒன்றை வாங்கினால் அதை எதற்குப் பாவிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கொழும்பில் இருக்கிறீர்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன்: கடை பில்லைத் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி செய்யுங்கள்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்த, வெப்பநிலை பார்க்க, லைட் போட என்றெல்லாம் பலர் இந்தச் சிப்பை எடுக்கிறார்கள். அதற்கு ஈஎஸ்பி32 என்கிற, லினக்ஸ் இல்லாமலே ஓடும் சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் தாராளமாகப் போதும், கரண்ட் வந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும். யாரோ ஏற்கனவே எழுதி வைத்த பெரிய மென்பொருள் உங்களுக்குத் தேவை என்றால்தான் லினக்ஸ் வேண்டும். யூஎஸ்பி டிரைவர், நெட்வொர்க், எழுத்துரு, இந்த மூன்றும் சேர்ந்து தேவைப்படுகிற வேலைதான் பில் அடிப்பது.

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு சின்னக் கடையில் பில் வாங்கிப் பாருங்கள், கடைக்காரர் தமிழ், வாங்குகிறவர் தமிழ் அல்லது சிங்களம், ஆனால் பில் ஆங்கிலத்தில்தான் வரும். வயதான ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எது சீனி எது பருப்பு என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். காரணம் பிரிண்டர்தான். சூட்டில் காகிதத்தைக் கறுப்பாக்கி அடிக்கிற சாதாரண தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்தும் இருக்காது, சிங்களமும் இருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினால் சரிவராது, ஏனென்றால் கொத்தமல்லியில் வருகிற ‘கொ’, சேமிக்கும்போது ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியாக நிற்கிறது, காகிதத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து வர வேண்டும். சிங்களத்தில் கூட்டெழுத்துகளும் உண்டு, அது இன்னும் சிக்கல்.

எழுத்துகளை இப்படிச் சரியாக அடுக்குகிற வேலையை ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகம் அழகாகச் செய்கிறது, இலவசம். அதோடு எழுத்தைப் படமாக வரைகிற ஃப்ரீடைப், நோட்டோ என்ற இலவச எழுத்துருக்களில் தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று. பில் முழுவதையும் கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, பில் பிரிண்டர்களுக்குப் புரிகிற இஎஸ்சி/பிஓஎஸ் என்ற கட்டளை மொழியில் படக் கட்டளையாக பிரிண்டருக்கு அனுப்பிவிடலாம். 80 மில்லிமீட்டர் பிரிண்டர் என்றால் பெரும்பாலும் வரிக்கு 576 புள்ளி, 58 மில்லிமீட்டர் என்றால் 384. லினக்ஸில் பிரிண்டர் ஒரு கோப்பு மாதிரித்தான் தெரியும், அதில் எழுதினால் அடித்துவிடும். கடைக்காரர் தன் போனின் பிரவுசரில் பொருளைத் தொட்டால் பில் வெளியே வரும், தனியாகக் கம்ப்யூட்டர் வாங்கத் தேவையில்லை.

சிப் எது? இதற்கு வி3எஸ்தான். 64 எம்பி ரேம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, கணக்குப் போடுகிற கோர் கோர்டெக்ஸ் ஏ7, கம்பி நெட்வொர்க்கான ஈதர்நெட்டும் உள்ளேயே. ஒரே ஒரு யூஎஸ்பி என்பதால் அது பிரிண்டருக்கு, ஈதர்நெட் ரவுட்டருக்கு என்று கணக்கு சரியாக வரும். எஃப்1சி100எஸ்ஸில் 32 எம்பிதான், ஈதர்நெட் இல்லை, கோரும் பழைய ஆர்ம்9. திரை, பாட்டு மாதிரி வேலைக்கு நல்லது. எதுவானாலும் உபுண்டு மாதிரி பெரிய லினக்ஸ் போட நினைக்காதீர்கள், சின்ன லினக்ஸ் கட்டித் தருகிற பில்ட்ரூட் என்ற கருவியில் தேவையானதை மட்டும் கட்டினால் சில எம்பிக்குள் அடங்கும்.

இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள், இப்போது அப்படி இல்லை, ஆனால் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சை அப்படியே நிறுத்துகிற பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டில் இருப்பது கெட்டுவிடலாம். அதனால் சிஸ்டம் முழுவதையும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பு முறையில், படிக்க மட்டும் என்று வையுங்கள், விலைப்பட்டியலுக்கு மட்டும் தனிப் பார்ட்டிஷன். நேரத்துக்கு டிஎஸ்3231 மாதிரி பேட்டரி வைத்த ஒரு கடிகாரச் சிப்பை, சிப்புகள் பேசிக்கொள்கிற ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் சேருங்கள், இல்லாவிட்டால் காலையில் இணையம் வரும் முன் அடிக்கிற முதல் பில்லில் 1970 என்று தேதி வந்து நிற்கும். கடைக்காரருக்கு அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் நம்பிக்கை வராது.

சொந்தமாக போர்டு வரைய ஆசை இருந்தால் வரையலாம், ரேம் உள்ளே இருப்பதால் இரண்டு அடுக்கு போர்டிலேயே முடியும், சிப்பின் அடியில் இருக்கிற கிரவுண்ட் பேட்டை, அதாவது தரை இணைப்புக்கான உலோகத் தகட்டை, ஒழுங்காக ஈயம் வைத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் முதலில் வி3எஸ் பொருத்தி வருகிற லிச்சீபை ஸீரோ மாதிரி தயார் போர்டு ஒன்றில் செய்து பாருங்கள், லிச்சீபையில் ஈதர்நெட் சாக்கெட் இல்லை, அது இருக்கிற டாக் என்ற துணைப் போர்டையும் சேர்த்து வாங்க வேண்டும். வாங்கியதும் கடைக்காரரிடம் அதிகம் விற்கிற பொருள்களின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாங்கி, அந்தப் பட்டியலையே முதலில் அடித்துப் பாருங்கள், எழுத்து எங்கே உடைகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.