‘வாய் தெரியவில்லை’ என்றால் நார்மல் என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 66. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். 2005இல் அவர் இறந்த பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 2008இலிருந்து கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒருநாள்கூட விட்டதில்லை. ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்றுதான் ரிசல்ட் வருகிறது. தீட்டு நின்று 17 வருஷம் ஆகிறது. போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு முகாமில் கர்ப்பப்பை வாய்க்கு வினிகர் டெஸ்ட் செய்துவிட்டு, ‘வாய் சரியாகத் தெரியவில்லை’ என்று சொன்னார்கள். இந்த வருஷம் போனால், ‘65 தாண்டிவிட்டது, இனி உங்களுக்குத் தேவையில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இருக்கும் நோயை அங்கே நான் சொல்லவில்லை. இந்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பாவாடையில் பழுப்பாகக் கறை பட்டது. வலி கிடையாது. தனி ஆளாகி இருபது வருஷமாகிவிட்ட எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயெல்லாம் வருமா? அப்படியே விட்டுவிடலாமா? பெயர், ஊர் போட வேண்டாம்.

பதில்: விடக்கூடாது, அம்மா. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் கறையைப் பேசிவிடுவோம்.

தீட்டு முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அது சிவப்போ பழுப்போ, காரணம் கண்டுபிடித்தே ஆகவேண்டும். பெரும்பாலும் பயப்படும்படியான காரணமாக இருக்காது. ஹார்மோன் குறைந்து, உள்தோல் மெலிந்து உலர்ந்து, அதில் கசியும் ரத்தமாக இருக்கலாம். சின்ன சதைவளர்ச்சியாக இருக்கலாம். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும், கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோயும் இதே மாதிரி வலியில்லாத கறையாகத் தொடங்கலாம். எது என்று கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது, கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த முகாம் வரட்டும் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே போங்கள்.

உங்கள் கடிதத்தில் ‘தெரியவில்லை’ என்பது இரண்டு இடத்தில் வருகிறது. ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்பது நல்ல செய்தி. இத்தனை வருஷம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு நீங்கள் சம்பாதித்தது அது. வாய் தெரியவில்லை என்பது வேறு. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க முடியவில்லை, டெஸ்ட் முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அதை நார்மல் கணக்கில் சேர்க்கவே கூடாது. அன்றைக்கே உங்களை வேறு பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏன் தெரியவில்லை? உங்கள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை எடுத்துப் பாருங்கள். வெளித்துணியும் உள்துணியும் சேரும் தையல் அதன் வாயில் இருக்கும். கர்ப்பப்பை வாயும் அப்படித்தான்: வெளித்தோல் ஒரு விதம், உள்தோல் ஒரு விதம், இரண்டும் சேரும் கோட்டில்தான் புற்றுநோய் பெரும்பாலும் முளைக்கும். இளவயதுப் பெண்களுக்கு அந்தத் தையல் வெளியே தெரியும். வினிகர் நனைத்த பஞ்சை வைத்து ஒரு நிமிடம் விட்டால், கெட்ட இடம் வெள்ளையாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். தீட்டு நின்ற பிறகு வாய் சுருங்கி, தையல் பைக்குள் இழுத்துக்கொள்ளும். வினிகரை எவ்வளவு வைத்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. அதனால் 50 வயது தாண்டியவர்களுக்கு வினிகர் டெஸ்ட் அவ்வளவு உதவாது.

எச்.பி.வி. பரிசோதனைக்குக் கோடு தெரிய வேண்டியதில்லை. எச்.பி.வி. என்பது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ், எச்.ஐ.வி. வேறு, இது வேறு. சின்ன பிரஷ்ஷால் சளியை எடுத்து மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். கூச்சமாக இருந்தால், சொல்லிக்கொடுத்தபடி நீங்களே எடுத்துக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் உங்களுக்கு ரத்தக்கறை பட்டிருப்பதால் இந்த ஒரு டெஸ்ட் போதாது. டாக்டர் நேரில் பார்த்து, ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சுவரின் தடிமனை அளந்து, தேவைப்பட்டால் உள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

65 தாண்டினால் தேவையில்லை என்று சொன்னவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் நாட்டு முகாம்களில் 30 முதல் 65 வயது வரை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதைத்தான் சொல்லியிருக்கிறார். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு அந்தக் கணக்கு போதாது. மற்ற பெண்களைவிட இவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு. அதனால் 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கி, எச்.பி.வி. டெஸ்ட் என்றால் 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. 50 வயதுக்கு மேல் நிறுத்துவதென்றாலும், அந்த இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு தடவை ‘இல்லை’ என்று வந்திருக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டுதலோ எச்.ஐ.வி. உள்ளவர்கள் 65இல் நிறுத்தவே வேண்டாம் என்கிறது. உங்களுக்கு ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்து முடிக்கவில்லையே.

தனி ஆளாகி இருபது வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. எச்.பி.வி. எப்போதோ வந்து, சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் தங்கியிருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி இறங்கினால் தலைதூக்கும். இலவசக் கூட்டு மருந்து 2004இல்தான் வந்தது. அப்போதெல்லாம் சிடி4 என்னும் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை 200க்கு, 250க்குக் கீழே இறங்கினால்தான் மருந்தைத் தொடங்குவார்கள். நோய் தெரிந்ததற்கும் மருந்து தொடங்கியதற்கும் நடுவில் உங்களுக்கு மூன்று வருஷம் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் உடம்பு இழந்ததைப் பிறகு மருந்து பெரிதும் மீட்டுக் கொடுத்தது, ஆனால் புற்றுநோய் ஆபத்தை அடியோடு துடைக்கவில்லை. இதில் யார் ஒழுக்கத்தைப் பற்றியும் பேச ஒன்றுமில்லை. கல்யாணமான பெண்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையாவது எச்.பி.வி.யைச் சந்தித்தவர்கள்தான்.

சரி, எங்கே போவது? நீங்கள் மாத்திரை வாங்கும் இடத்துக்கே போங்கள். வேலந்தாவளம் வழியாக மாதாமாதம் போய்ப் பழகிய பஸ்தானே. கூட்டு மருந்து மையத்தின் கவுன்சிலரிடம், ‘தீட்டு நின்ற பிறகு ரத்தம் படுகிறது, மகளிர் பிரிவுக்குச் சீட்டு கொடுங்கள்’ என்று இந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். மகளிர் பிரிவும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. பாலக்காட்டில் மருந்து வாங்குபவர்கள் ‘உஷஸ்’ என்று பெயர்ப்பலகை உள்ள மையத்தில் இதையே கேட்கலாம். மகளிர் பிரிவு டாக்டரிடம் எச்.ஐ.வி. இருப்பதை மறைக்காதீர்கள். எதை, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்பது அதைப் பொறுத்தது. அதை வெளியே சொல்லவோ, அதைக் காட்டி உங்களுக்கு வைத்தியம் மறுக்கவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது.

உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். உலர்ந்த உடம்புக்கு அது வலிக்கும், உண்மைதான். ‘சின்ன சைஸ் வையுங்கள், ஜெல் தடவுங்கள், வலித்தால் நிறுத்துங்கள்’ என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. சேலையை அவிழ்க்க வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டால் போதும். அன்றைக்கும் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள். காரணம் தெரியும்வரை மருந்துக்கடையில் கேட்டு எந்த க்ரீமும் வாங்கிப் போடாதீர்கள்.

எச்.பி.வி. இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அழ வேண்டாம். கால்போஸ்கோப் என்னும் லென்ஸ் கருவியால் பார்ப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால், மரத்துப்போக ஊசி போட்டு, கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் 12 மாதத்தில் ஒரு டெஸ்ட், அதில் இல்லையென்று வந்தாலும் அடுத்த 12 மாதத்தில் இன்னொன்று அவசியம்.

பரிசோதனை முடிந்து டாக்டர் எழுதித் தரும் சீட்டைக் கையில் வாங்கியதும் கவுன்சிலரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வரை பார்த்ததாக, சாம்பிள் எடுத்ததாக எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அங்கிருந்து கிளம்பாமல் திரும்பக் கேளுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவையும் பெயர் வேண்டாம்.