லா போர்ன் ஜாடியில் ஊறுகாய் போடலாமா?

கேள்வி: பாரிசில் வசிக்கிறேன். லா போர்ன் கிராமத்தில் ஒரு குயவரிடம் பழுப்பு நிற ஜாடி வாங்கினேன். வரும் வழியில் பழைய சாமான் சந்தையில் பச்சைப் பளபளப்புள்ள பழைய மண்சட்டி ஒன்றும் கிடைத்தது. இரண்டிலும் எலுமிச்சை ஊறுகாய் போடலாமா? அடுப்பில் வைக்கலாமா?

பதில்: ஜாடியில் போடலாம். சட்டியில் வேண்டவே வேண்டாம். அடுப்பில் இரண்டையுமே வைக்காதீர்கள்.

லா போர்ன், நடு பிரான்சிலுள்ள பூர்ஜ் நகருக்கு வடகிழக்கே இருக்கும் சிற்றூர். பல நூற்றாண்டுகளாக அங்கே மண்பாண்டத் தொழில்தான். அந்த ஊர்க் களிமண் விறகுச் சூளையில் 1250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகும்போது உருகாமல் இறுகிக் கல்லாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் ‘கிரே’ என்பார்கள். பளபளப்புப் பூச்சே இல்லாத அடிப்பாகத்திலும் நீர் கசியாது. உப்பும் புளிப்பும் அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளில் பன்றி இறைச்சியை உப்பில் ஊறவைக்க இந்த ஜாடிகளையே நம்பியிருந்தார்கள். வேறு வகைப் பாத்திரங்கள் வந்து அந்தப் பிழைப்பு படுத்தபோது, 1940களில் மட்பாண்டக் கலைஞர்களான லெரா தம்பதியும் பல்கேரியாவிலிருந்து வந்த வாசில் இவானோஃபும் அங்கே குடியேறி, அதே மண்ணில் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார்கள். ஊர் பிழைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் ஜாடியைத் தடவிப் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் போலப் பொடிப்பொடிக் குழிகள் தெரிந்தால் அது உப்புப் பூச்சாக இருக்கும். உச்சச் சூட்டில் சூளைக்குள் உப்பை எறிவார்கள். அது ஆவியாகி, மண்ணிலுள்ள சிலிகாவோடு (மணலில் இருக்கும் அதே பொருள்) சேர்ந்து கண்ணாடியாகப் படியும். இதில் காரீயம் என்னும் ஈயம் கிடையாது. வேறு வகைப் பூச்சு என்றால், உணவுக்கு ஏற்றதா என்று செய்தவரிடமே கேட்டுவிடுங்கள். அலங்காரத்துக்கென்றே செய்யும் கலைஞர்களும் அங்கே உண்டு. அப்புறம், ஜாடியில் நீர் ஊற்றி ஓர் இரவு செய்தித்தாள் மேல் வையுங்கள். தாள் நனையாவிட்டால் நன்றாகக் காயவைத்து ஊறுகாய் போடலாம்.

சட்டியின் கதை வேறு. குறைந்த சூட்டில் சுட்ட பழைய பிரெஞ்சு மண்சட்டிகளுக்குப் பெரும்பாலும் ஈயம் கலந்த பூச்சுதான். அந்தப் பச்சை, செம்பு தருவது. எலுமிச்சைப் புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். ஊறுகாயோ மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கும். ஈயம் கலந்தது ருசியில் தெரியாது, குழந்தைகளுக்குத்தான் கேடு அதிகம். சட்டி அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

நேரடித் தீயில் வைத்தால் ஜாடி ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடும். வெந்நீர் ஊற்றுவதானால்கூட முதலில் வெதுவெதுப்பான நீரில் கழுவிக்கொள்ளுங்கள்.