மகளுக்கு இருப்பது ஒரு நோயா, இரண்டா?

கேள்வி: பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் 20 வயது மகள் இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு, ஒரே இரவில் கிடைத்ததையெல்லாம் தின்று, பிறகு தானே வாந்தியெடுக்கிறாள். தோழியோடு சிறு மனத்தாங்கல் என்றாலும் கையைக் கீறிக்கொள்கிறாள். ஒரு மருத்துவர் 'பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு' என்றார். மற்றொருவர் 'புலிமியா' என்றார். எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது? – ஒரு தாய், அம்பாசமுத்திரம்.

பதில்: அம்மா, இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். புலிமியா என்பது அளவின்றி உண்டுவிட்டு, வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டும் உணவுக் கோளாறு; பார்டர்லைன் என்பது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தத்தளிக்கும் ஆளுமைக் கோளாறு. பார்டர்லைன் கோளாற்றைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் 9 அறிகுறிகளுள், தனக்கே தீங்காகும் வகையில் கட்டுப்பாடிழந்து நடப்பதும் ஒன்று. அளவின்றி உண்பது அதற்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்படுகிறது. கைவிடப்படுவோமோ என்ற அச்சம் தாங்க முடியாத கொந்தளிப்பாக எழும்போது, வயிறு முட்ட உண்பதும், உண்டதை வெளியேற்றுவதும், கையைக் கீறுவதும் அந்தக் கொந்தளிப்பைச் சற்று நேரம் அடக்கிவிடுகின்றன. அந்தச் சற்று நேர நிம்மதிதான் பழக்கத்தை வேரூன்றச் செய்கிறது. ஆகவே இதைப் பிடிவாதம் என்று உறவினர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பசியே மனிதரின் குணத்தை மாற்றக்கூடியது. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நல்ல உடல்நலமும் மனநலமும் உடைய 36 ஆண்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று உணவே தரப்பட்டபோது, அவர்களில் பலர் எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களாகி, சாப்பாட்டு நினைவிலேயே மூழ்கினர். எனவே உணவு ஒழுங்குபட்ட பிறகு ஆளுமை பற்றிய முடிவை மறுபடி பார்க்கச் சொல்வதே என் வழக்கம்.

முதலில் உடல். அடிக்கடி வாந்தியெடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். எடை சரியாக இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இரத்தப் பரிசோதனையையும் இசிஜியையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மகள் இருக்கும் ஊரிலேயே, ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. (வாந்தியெடுத்த உடனே பல் துலக்காமல், தண்ணீரால் கொப்பளித்தால் போதும்; பல்லின் மேற்பூச்சு தேய்வது குறையும்.)

பிறகு, இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். ஒன்றை முடித்து மற்றொன்று என்று காத்திருந்தால், அடக்கிய பழக்கத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் வகுத்த 'டிபிடி' என்னும் பேச்சுச் சிகிச்சை கொந்தளிப்பைத் தாங்கும் திறனைக் கற்றுத்தருகிறது; உணவுக் கோளாறுகளுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். புலிமியாவுக்கு மருந்தும் உதவும், ஆனால் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். சாக வேண்டும் என்று அவள் பேசினால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கான 14416 என்ற இலவச எண்ணும் உண்டு.

விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது, 'மெலிஞ்சுட்டியே', 'சதை போட்டுட்டியே' என்ற பேச்சை ஆச்சி முதல் அடுத்த வீட்டார் வரை யார் எடுத்தாலும் நீங்களே மாற்றிவிடுங்கள். சொதியும் சோறும் பரிமாறிய பின் குளியலறை வாசலில் காவல் நிற்க வேண்டாம். அவளை அருகில் உட்காரவைத்து, சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள்.