தெருக்கூத்துக்கான ஜூனியர் ஃபெலோஷிப்: நிராகரிப்புக்கு வயது காரணமா?

தெருக்கூத்துக்காக ஜூனியர் ஃபெலோஷிப் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, வயதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயது காரணமாக இருக்க முடியாது. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப் 25 முதல் 40 வயது வரையிலானவர்களுக்கு, உங்களுக்கு 27.

இடித்தது, விண்ணப்பத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிய திட்டக் குறிப்புதான் என்று தோன்றுகிறது. "வாத்தியாரிடம் தங்கி அடவுகள் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று, அதாவது கூத்து ஆசிரியரிடம் ஆட்ட அசைவுகளைப் பழகப்போவதாக, எழுதியிருக்கிறீர்கள். இந்த ஃபெலோஷிப் ஆய்வுக்கானது. பயிற்சிக்கோ பட்டறை நடத்தவோ தருவதில்லை. பயிற்சிக்கென இளம் கலைஞர் உதவித்தொகை தனியாக உண்டு, ஆனால் அது 18–25க்குள். அந்த வண்டி உங்களுக்குப் போய்விட்டது.

உங்கள் குறிப்பை எடுத்து "கற்பேன்", "பயில்வேன்" வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள். கூத்தின் வடக்கத்திப் பாணிக்கும் தெற்கத்திப் பாணிக்கும் அடவில் என்ன வேறுபாடு, முகவீணை என்ற குழல் கருவியின் வாசிப்பு எப்படி மாறுகிறது என்பதுபோல. வாத்தியாரிடம் இருப்பது அப்போது களப்பணி ஆகிவிடும். பொதுப் பணம் என்பதால், கூத்து பார்த்தே பழகாத ஒருவர் பிற்பாடு எடுத்துப் பார்க்க ஒரு பதிவு மிஞ்சினால் நல்லதுதானே? விடிய விடிய ஆடுவதை ரசிக்கவும் ஆள் வேண்டும்.

அப்புறம் ஒன்று: மாதம் 10,000 ரூபாய், 2 ஆண்டு என்றாலும் பணம் மாதாமாதம் வராது. அரையாண்டுத் தவணைகள்தான், அறிக்கை கொடுத்தால்தான் அடுத்தது. இதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். விதிகளையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.