ஒரே 'எம்' சைஸ், ஹட்டனில் ஒரு கடையில் சரியாக இருக்கிறது, அடுத்த கடையில் இறுக்குகிறது. ஏன்?

லேபிளில் இருக்கும் எழுத்துக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குக்கு வெட்டுகிறது. நம் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சியவையும் கலந்திருக்கும். பிரிட்டனுக்குத் தைத்த பெண்கள் உடுப்பில் 12 என்றால், அமெரிக்க லேபிளில் அதுவே கிட்டத்தட்ட 8.

அதனால் லேபிளை விடுங்கள். உங்களுக்குக் கச்சிதமான சேர்ட்டை மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள்வரை டேப் பிடியுங்கள். 20 அங்குலம் வந்தால் சேர்ட்டின் மார்புச் சுற்று 40. கடையிலும் அப்படியே அளந்து பாருங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். நுவரெலியாக் குளிருக்கு உள்ளே சுவெட்டர் போடுபவர் என்றால் ஜாக்கெட் இன்னும் கொஞ்சம் தாராளமாக வேண்டும்.

அப்புறம், தோள் சரியாக உட்காருகிறதா பாருங்கள். இடுப்பையும் கை நீளத்தையும் தையற்காரர் சுலபமாகக் குறைத்துவிடுவார். தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை, கூலியும் கூட.