தோட்டத்தில் வைக்க மரத்தால் அலங்காரக் காற்றாலை செய்வது எப்படி? அது சுற்றவும் வேண்டும், மழையில் கெடவும் கூடாது.

நான் தோவாளைப் பக்கம் வசிப்பவன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை எங்கள் ஊரில் ஓய்வதில்லை. மொட்டை மாடியில் ஏறினால் முப்பந்தல் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். அவற்றைப் பார்த்த ஆசையில் நெதர்லாந்துப் பாணியில், நான்கடி உயரத்தில், நான்கு இறக்கைகளோடு மரத்தில் ஒன்று செய்து தோட்டத்தில் வைத்தேன். முதலாவது ஒரே ஆடி மாதத்தில் இறக்கைகளை இழந்தது. அடுத்து செய்தது இன்றும் சுற்றுகிறது. கோபுரம் இரண்டுக்கும் ஒன்றேதான்; மாற்றியதெல்லாம் அச்சும் இறக்கையும் மட்டுமே. ஆகவே அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

கோபுரத்தில் பெரிய வித்தை இல்லை. அடி அகலம் 60 செ.மீ., தலை அகலம் 30 செ.மீ., உயரம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, நான்கு மூலைச் சட்டங்களை உள்நோக்கிச் சாய்த்து நிறுத்தி, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் பூட்டி, வெளிப்புறம் பலகை அறைந்தால் வேலை முடிந்தது. அதன்மேல் கூரை வைத்த சிறு பெட்டி ஒன்று தலைப்பாக உட்காரும். அச்சு அதற்குள் வரும். பலகைகளின் ஓரங்களைக் கோணமாக இழைத்து ஒன்றோடொன்று ஒட்ட வைக்க முயலாதீர்கள். அந்தக் கணக்கில் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இழந்தேன்.

அச்சுக்கு முதலில் முழுநீளமும் மரை வெட்டிய கம்பியை வாங்கி, மரத்தில் துளையிட்டு நேரடியாகச் செருகியது என் முதல் தவறு. மழையில் மரம் ஊதியதும் கம்பி இறுகி நின்றுவிட்டது. வெயிலில் காய்ந்ததும் மரையின் பற்கள் அரம்போலத் துளையை அராவித் தளர்த்திவிட்டன. இப்போது இருப்பது 12 மி.மீ. வழவழப்பான கம்பி, முன்முனையில் மட்டும் லேத் பட்டறையில் மரை வெட்டி வாங்கினேன். அது 6201 எண்ணுள்ள இரண்டு பேரிங்குகளில் சுற்றுகிறது. உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 32 மி.மீ. கொண்ட அந்தப் பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால் இறக்கை ஆடாது. கோபுரம் கீழே போகப்போக அகலமாவதால், இறக்கையின் நுனி வரும் இடத்தில் அது தலைப்பைவிட 6 செ.மீ. அளவுக்கு வெளியே துருத்தி நிற்கும். நுனி அதில் இடிக்காதிருக்க அச்சை முன்னே நீட்டுவதோடு, அதன் முன்முனையை ஐந்து பாகை உயர்த்தியும் வையுங்கள். நெதர்லாந்தின் பழைய ஆலைகளிலும் அச்சு இப்படித்தான் சற்று அண்ணாந்து இருக்கும்.

இறக்கைகளைத் தாங்கும் நடுக்கட்டையை, இரண்டு தேக்குப் பலகைகளை நாரோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக வருமாறு ஒட்டி, 16 செ.மீ. சதுரத்தில் 4 செ.மீ. கனத்தில் செய்தேன். ஒரே பலகையானால், இறக்கையைச் செருகக் காடி (நீளப் பள்ளம்) வெட்டிய இடத்தில் பிளந்துவிடும். இறக்கைக்குக் குமிழ் மரம் நல்லது. எடை குறைவு, பதப்பட்ட பிறகு அதிகம் முறுக்காது. 45 செ.மீ. நீளம், 6 மி.மீ. கனம், அடியில் 7 செ.மீ., நுனியில் 10 செ.மீ. அகலம் போதும். அது உட்காரும் காடியை நடுக்கட்டையின் முகத்துக்கு 20 பாகை சாய்வாக வெட்ட வேண்டும். 1759-இல் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மாதிரி இறக்கைகளை வைத்துச் சோதித்து, நடுவில் அதிகமாகவும் நுனியில் குறைவாகவும் சாய்ந்த, முறுக்கிய இறக்கையே சிறந்தது என்று காட்டினார். தோட்டத்து அலங்காரத்துக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். தட்டைப் பலகை தாராளமாகச் சுற்றும்.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதுதான் என் இறக்கைகளைப் பறிகொடுத்த இடம். காற்றை எதிர்நோக்கும் விளிம்பு, அதாவது முன்னே நிற்கும் விளிம்பு இருக்கும் திசையில்தான் இறக்கை நகரும். நெதர்லாந்து ஆலைகள் முன்னிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுபவை என்பதால் நானும் அப்படியே வெட்டினேன். காற்று உந்தும் ஒவ்வொரு முறையும் நடுக்கட்டை, தன்னை அச்சில் இறுக்கிப் பிடித்திருக்கும் முன்புற நட்டைச் சிறிது சிறிதாக அவிழ்க்கும் திசையில் இழுத்தது. ஒரு நாள் அதிகாலையில் நட்டு தனியே, இறக்கைகள் தனியே முருங்கையடியில் கிடந்தன. இப்போது வலஞ்சுழியாக வெட்டியிருக்கிறேன். மேலே நிற்கும் இறக்கையின் வலது விளிம்பு பார்ப்பவரை நோக்கி முன்னே இருக்கும். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. என் காற்றாலையின் முகம் மேற்கே பார்த்து நிலையாக நிற்பதால், ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது அது எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போட்டு, அதற்கு வெளியே கம்பியில் துளையிட்டு ஆணியும் கோத்திருக்கிறேன். உங்கள் ஊரில் காற்று திசை மாறிக்கொண்டே இருக்குமானால், தலைப்பைக் குழாய்க்குள் குழாயாகத் திரும்பும்படி அமைத்து, பின்னால் அகலமான வால் பலகை பொருத்துங்கள்.

வண்ணமும் ஒரே எடையாக ஏறுவதில்லை என்பதால், எடை சமன்படுத்துவதை வண்ணம் பூசிய பிறகே செய்ய வேண்டும். அச்சில் மாட்டிக் கையால் மெல்லச் சுற்றிவிட்டால் கனமான இறக்கை எப்போதும் கீழே வந்து நிற்கும். அதன் பின்புறத்தைச் சிறிது இழைத்து, வெளுத்த இடத்தில் மறுபடி ஒரு பூச்சு கொடுத்து, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை பொறுமையாகப் பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பலத்த காற்றில் கோபுரமே அதிரும்.

மழையைப் பொறுத்தவரை, தண்ணீர் நுழைவது பலகையின் முகத்தில் அல்ல, வெட்டுவாயில்தான். அங்கே மட்டும் மூன்று முறை பிரைமர் பூசுங்கள். கோபுரத்தை மண்ணில் நேரடியாக நிறுத்தினால் கறையான் ஒரு பருவத்தைக்கூடத் தராது. கடப்பைக் கல் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்குங்கள். எங்கள் மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் இருப்பதால், உட்புறச் சட்டங்களுக்கு முந்திரித்தோல் எண்ணெய் பூசினேன். கறையானுக்கு அதைப்போல மலிவான மருந்து வேறில்லை, ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் வரும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இறக்கையின் நுனி குழந்தையின் முகத்துக்கு நேராக வரும் உயரம் இது. ஆகவே என் வீட்டில் காற்றாலையைச் சுற்றி இடுப்பளவில் ஒரு மூங்கில் வேலி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வரும் நாள்களில் இறக்கையைக் கயிற்றால் கட்டியும் வைத்துவிடுவேன்.