முன்பல் அடைப்பு மஞ்சளேறினால் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் முன்பல்லின் உடைந்த முனையைப் பல் நிறத்திலேயே அடைத்தார்கள். இப்போது அது மஞ்சளாகத் தெரிகிறது. ஓரத்தில் பழுப்புக் கோடும் விழுந்திருக்கிறது. பல்லை வெண்மையாக்கும் சிகிச்சை செய்தால் சரியாகிவிடுமா, இல்லை அடைப்பையே மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே மாற்றிவிட வேண்டாம். காம்போசிட் அடைப்பு (பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள்கள் கலந்த, பல் நிறத்திலான அடைப்பு) பல்லோடு ஒன்றித் தெரிவதால், அதைக் குடைந்து எடுக்கும்போது நல்ல பல்லும் சிறிது சேர்ந்தே போய்விடுகிறது. அந்த இழப்பு திரும்ப வராது. எனவே நிறம் எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

மேற்பரப்பில் மட்டும் என்றால் கவலையில்லை. நாளடைவில் பிசின் தேய்ந்து, அதிலுள்ள நுண்ணிய கண்ணாடித் துகள்கள் துருத்திக்கொள்ள, அந்தச் சொரசொரப்பில் காபி, தேநீர், புகையிலை ஆகியவற்றின் கறையும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த வாய்க்கொப்பளிப்பானால் உண்டாகும் கறையும் தங்கிவிடுகின்றன. பல்லைக் காற்றால் உலர்த்திப் பார்த்தால் அந்த இடம் பளபளப்பிழந்து தேய்த்த கண்ணாடி போலிருக்கும். மெருகேற்றும் வட்டுகளால் படிப்படியாகத் தேய்த்தால் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும்.

ஓரத்துப் பழுப்புக் கோடு வேறு வகை. காம்போசிட் கெட்டிப்படும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு சுருங்குவதால், பல்லோடு ஒட்டிய விளிம்பு சில இடங்களில் விட்டுப்போய் அங்கே கறை இறங்குகிறது. இந்தக் கோட்டைக் கண்டதுமே சொத்தை என்று முடிவுகட்டுவது தவறு. விளிம்பு உறுதியாக இருந்து, பல் மென்மையாகாமலும் இருந்தால், மெருகேற்றுவதோ அந்த ஓரத்தை மட்டும் செப்பனிடுவதோ போதும்.

அடைப்பு முழுவதும் சீராக மஞ்சளேறியிருந்தால் காரணம் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. நீல ஒளியில் அதைக் கெட்டிப்படுத்தப் பல காம்போசிட்களில் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருளுடன், அதற்குத் துணையாக அமீன் வகை வேதிப்பொருள் ஒன்றும் சேர்க்கப்படுகிறது. அந்த அமீன் காலப்போக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறுகிறது. அடைத்த நாளில் ஒளி போதிய நேரம் படாமலோ, ஒரே தடவையில் தடித்த அடுக்காக வைக்கப்பட்டோ இருந்தால், இணையாமல் எஞ்சும் பிசின் மிகுந்து, ஈரத்தையும் கறையையும் எளிதில் உறிஞ்சும். உள்ளேறிய இந்த மஞ்சளை மெருகேற்றிப் போக்க முடியாது. அப்போதுகூட அடிப்பகுதி உறுதியாக இருந்தால், வெளி அடுக்கை மட்டும் நீக்கிப் புதிய அடுக்கு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

வெண்மையாக்கும் சிகிச்சை பல்லின் நிறத்தைத்தான் மாற்றும். அடைப்பின் நிறத்தை மாற்றாது. இப்போது அதைச் செய்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் பளிச்செனத் தெரியும். இரண்டுமே வேண்டுமென்றால் முதலில் வெண்மையாக்கிவிட்டு, சுமார் இரண்டு வாரம் பொறுத்துப் புதிய அடுக்கை வையுங்கள். உடனே வைத்தால், வெண்மையாக்கும் மருந்திலிருந்து பல்லில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் புதிய பிசின் நன்கு ஒட்டுவதைத் தடுக்கும். இரண்டு வாரத்தில் அது நீங்கிவிடும், நிறமும் அதற்குள் நிலைபெற்றுவிடும். புதிய அடுக்குக்கான நிறத்தைப் பல் ஈரமாக இருக்கும்போதே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உலர்ந்த பல் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும்.